மணி என்று தேடியது

ஆவணி, வெள்ளிக்கிழமை. கம்பம்.

காலையில் வாழைமண்டி முதலாளி, "டிரைவர் மணிய உடனே வரச் சொல்லி மெசேஜ் போடுப்பா" என்றார். மெசேஜ் அனுப்ப நான் எழுதிய புரோகிராமில் தேடும் சொல்லுக்கு இரண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டிருந்தேன். பெயருக்குள் எங்கே 'மணி' வந்தாலும் அது பிடித்து, அத்தனை பேருக்கும் அனுப்பிவிடும். சுப்பிரமணி லாரியோடு வந்தார். வீரமணி டிராக்டரோடு வந்தார். மணிகண்டன் கேரளாவிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். வாசல் அடைத்துக்கொண்டது. என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

கடைசியாக ஓர் ஆட்டோவில் முதலாளியின் மனைவி மணிமேகலை வந்தார். சண்டை போட்டுக்கொண்டு உத்தமபாளையத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தவர்.

"நீங்களா வரச் சொன்னீக?"

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமா, நாந்தேன்."

டிரைவர் மணி மட்டும் வரவேயில்லை. இப்போதுதான் பார்க்கிறேன், அவர் பெயரை 'மனி' என்று பதிந்து வைத்திருக்கிறேன்.