ஏன் சிரித்தாய் என்று கேட்டாயே

பெரியவனே, அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குட்டியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். அங்கே குளிர் கூடிவிட்டது என்று அப்பா சொன்னார், குட்டிக்குக் காதை மூடி விடு, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், உனக்குக் குளிர் முதலில் காதில்தான் ஏறும். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி, எனக்கு வாய்க்கொழுப்பு, இரண்டும் எப்போதும் உள்ளதுதான், அதனால் நாங்கள் நலம் என்றே வைத்துக்கொள். உன் தங்கை நலமில்லை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லலாமே என்பாய். போன் செய்தால் ஒன்று நீ மீட்டிங்கில் இருக்கிறாய், இல்லாவிட்டால் நான் அழுதுவிடுகிறேன், எது நடந்தாலும் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. வீட்டில் வைத்துப் பேசவும் வழியில்லை, நம் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியாததா, இந்த அறையில் பெருமூச்சு விட்டால் அந்த அறையில் என்ன என்று கேட்பார்கள். அதனால் வேலை இடத்திலேயே, என் கவுன்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவார். எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் படித்துக்கொள், பாதியில் விட்டுவிடாதே.

எங்கள் கேளிக்கைப் பூங்காவை மறுபடியும் திறந்துவிட்டார்கள். அந்த ஒரு ரைடை மட்டும் நீலத் தார்ப்பாய் போட்டு மூடி, பராமரிப்பு வேலை நடக்கிறது என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் அந்தத் தார்ப்பாய்க்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். தொலைந்த பொருள் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிற என்னிடம் வந்து, அது நடந்தது எந்த இடம் என்று விசாரிக்கிறார்கள். எதையாவது தொலைத்துவிட்டுத் தேடி வருகிறவர்களுக்குத்தான் இந்தக் கவுன்டர் என்று சொல்லி அனுப்புகிறேன். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன், இங்கே வேலை செய்கிற யாரும் சிரிக்காமல் வாய் திறக்கக் கூடாது.

முன்பெல்லாம் இந்தக் கவுன்டரில் எனக்கு நல்ல பொழுதுபோக்கு. ஒற்றைச் செருப்பு வரும், பல்செட்டு வரும், டோப்பா வரும். பெண்டாட்டியைக் காணோம் என்று ஒரு ஆள் பதறிக்கொண்டு வந்து உட்கார்ந்தான், அந்தம்மா தூணுக்குப் பின்னால் நின்று, சொல்லாதே, இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று எனக்குச் சைகை காட்டினாள். சாயங்காலம் நானும் உன் தங்கையும் பஸ்ஸில் வரும்போது, ரைடு வரிசையைக் கவனிக்கிற அவள் தன் வரிசைக் கதைகளைச் சொல்வாள். ஒருத்தன் நிற்பான், ரைடு பக்கத்தில் வந்ததும் அவனுக்கு அத்தை, மாமா, சம்பந்தி என்று ஒரு கல்யாணக் கூட்டமே முளைக்கும். இடம் பிடிக்கத் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள், வந்து பாட்டில் நகரவே இல்லையே என்று சண்டை பிடிப்பார்கள். உயரம் பற்றாத பிள்ளையின் ஷூவுக்குள் பேப்பரைத் திணித்து நிறுத்துவார்கள். பிள்ளைக்கு அவசரமாக வருகிறது, கொஞ்சம் வழி விடுங்கள் என்று கழிவறைக்குப் போகிற முகத்தோடு நேராக ரைடில் ஏறி உட்காருவார்கள். வெயிலில் நிற்கிறவன் எரிச்சலை எல்லாம் வரிசையை மறிக்கிற சங்கிலி ஓரத்தில் நிற்கிற இவள் மேல் கொட்டுவான். ஒருத்தி எச்சில் துப்பினாள், ஒருத்தன் ஐஸ்கிரீமை வீசினான், துடைத்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். சிரிக்காவிட்டால் சம்பளத்தில் கை வைப்பார்கள். உடை மாற்றுகிற அறை வாசலில் கண்ணாடி மாட்டி, உங்கள் சிரிப்பைப் போட்டுக்கொண்டீர்களா என்று எழுதி வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கி வந்தவர் மாதிரி வரிசைக்குள் ஆளை அனுப்பி யார் முகம் வாடியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு போவார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பழகியதைப் பார்த்து, பல்லுக்குத்தான் சம்பளமாடி என்று நீ வீடியோ காலில் கிண்டல் பண்ணினாயே.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன், நீ வீடியோவில் பார்த்ததைத் தவிர வேறு ஒன்றும் யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். விடுமுறை நாள், உள்ளே விடக்கூடியதற்கு மேல் ஆளை விட்டிருந்தார்கள். ரைடு பழுதாகி நின்று, சரி பண்ணி, காலிப் பெட்டிகளை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அதிகக் காசு கொடுத்த ஸ்பெஷல் டிக்கெட்காரர்களைப் பக்கவழியாக மேடைக்கு ஏற்றினார்கள். காலையிலிருந்து நிற்கிற ஜனம் சும்மா இருக்குமா. பின்னால் யாரோ ஒருவர், இதுதான் கடைசி ரவுண்டாம், அப்புறம் மூடிருவாங்களாம் என்று கிளப்பிவிட, பின்வரிசை மொத்தமும் நெட்டித் தள்ளியது. முன்னால் கம்பிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு சின்னப் பெண் மாட்டிக்கொண்டாள். சங்கிலிக்கு அந்தப் பக்கம் மேடை, மேடை விளிம்பில் பெட்டிகள் ஓடுகிற தண்டவாளம். வாக்கி டாக்கியில் சூப்பர்வைசர் குரல் வராமல் சங்கிலியை எடுக்கக் கூடாது. எடுத்திருந்தால் அத்தனை பேரும் ஓடுகிற பெட்டிக்குக் கீழே போயிருப்பார்கள். இவள் வாக்கி டாக்கியில் கத்துகிறாள், பதில் இல்லை. ஒரு கையைத் தூக்கித் தள்ளாதீர்கள் என்று காட்டுகிறாள். அந்தப் பிள்ளையின் அம்மா, சங்கிலிய எடுடீ, என் புள்ள சாகுதுடீ என்று அலறுகிறாள். படிக்கட்டின் மேலிருந்து எவனோ படம் பிடித்தான். அதில் பிள்ளை நசுங்குகிறது, தாய் அலறுகிறாள், உன் தங்கை கையைத் தூக்கிக்கொண்டு வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள். அத்தோடு வீடியோ முடிகிறது. அதற்குப் பிறகு அவள் சங்கிலிக்கு அடியில் படுத்து ஊர்ந்து போய், அத்தனை பேர் காலுக்கு நடுவில் அந்தப் பிள்ளையை இடுப்போடு பிடித்து இழுத்து வெளியே போட்டதை யாரும் படம் பிடிக்கவில்லை. ஐஸ்கிரீம் வண்டிக்காரி பார்த்திருக்கிறாள், அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். உன் தங்கையின் முதுகெல்லாம் செருப்புத் தடம், இரண்டு நகம் பெயர்ந்துவிட்டது. பிள்ளைக்கு விலா எலும்பு முறிந்து நுரையீரலில் அடி, இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கிறது.

அந்த வீடியோவை உலகமே பார்த்துவிட்டது. சிரிக்கிற பிசாசு என்று பேர் வைத்திருக்கிறார்கள். நம் வாசல் கதவில் கரியால் ஒரு சிரிக்கிற வாய் வரைந்திருந்தார்கள், அப்பா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார், இன்னும் முழுசாகப் போகவில்லை. விசாரணை முடிகிற வரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் சூப்பர்வைசரிடம் போய், நீங்கதானே சார் சிரிக்கச் சொன்னீங்க என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, சூழ்நிலையைப் பார்த்துச் சிரிக்கணும்னு சொல்லியிருந்தோமேம்மா என்றார். அறைந்துவிடலாம் என்று கை பரபரத்தது. அந்த நேரத்திலும் என் வாய் தன்னாலே சிரித்துக்கொண்டுதான் இருந்தது, அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அவள் பேசுவதில்லை. தட்டை வைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டே இருக்கிறாள், கீழுதடு புண்ணாகிவிட்டது. குளியலறைத் தாழ்ப்பாளை அப்பா ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி எடுத்துவிட்டார், ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவள் உள்ளே இருக்கிற நேரமெல்லாம் நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருக்கிறேன், துணி காயவில்லை, பால் விலை ஏறிவிட்டது என்று. தண்ணீர் விழுகிற சத்தம் நின்றால் எனக்கு உயிர் நின்றுவிடுகிறது. இப்படி எத்தனை நாள் காவல் இருக்க முடியும் என்னால். எனக்குப் பயமாக இருக்கிறதடா.

இனி எழுதுவதுதான் உனக்கு. ஊர் திட்டியபோதுகூட முதல் இரண்டு நாள் அவள் என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். உன்னிடமிருந்து மெசேஜ் வந்த பிறகுதான் வாயை மூடினாள். ஏன்டி சிரிச்ச, என் ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க என்று எழுதியிருந்தாய். மறுநாள் வாட்ஸ்அப்பில் உன் முகப்புப் படமாக இருந்த நம் குடும்பப் படத்தை எடுத்துவிட்டு ஒரு மலைப் படத்தை வைத்தாய். நான் கவனிக்கவில்லை, அவள்தான் கவனித்து, போனை என் மடியில் வைத்தாள். ஊரில் யார் கேட்டாலும் கேட்கட்டும், அந்தக் கேள்வியை நீ கேட்கலாமா. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளை அடிக்க, இவள் சிரிக்க, சிரித்ததற்காக இன்னும் நாலு அடி விழுந்ததே, மறுநாள் உன் வகுப்பை விட்டுவிட்டு அந்த டீச்சரிடம் போய், அவ பயந்தா சிரிப்பா டீச்சர், அது திமிர் இல்ல என்று சொன்னவன் யார். எனக்கே அது வரைக்கும் தெரியாதடா, நானும் திமிர் என்றுதான் நினைத்திருந்தேன், நீதான் எனக்கும் சொல்லிக் கொடுத்தாய். உலகத்தில் அவள் சிரிப்புக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் நீ, நீயே கேட்டுவிட்டால் அவள் வேறு யாரிடம் போய் நிற்பாள்.

இது வரைக்கும் நேற்று எழுதினேன். கவுன்டரில் ஆள் வந்துவிட்டது, மடித்து வைத்துவிட்டேன். இன்று மத்தியானம் அப்பா போன் பண்ணி, அவ வீட்ல இல்ல என்றார். காலையில் மாத்திரை போட்டு அவர் கண் அசந்த நேரத்தில் போயிருக்கிறாள். பூங்காவிலிருந்து எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது, பேட்ஜைக்கூடக் கழற்றவில்லை. அப்பா ரயில் பாதைப் பக்கம் போனார், நான் பாலத்துப் பக்கம் போனேன். என்ன நினைத்துக்கொண்டு போனோம் என்று எழுத மாட்டேன். கடைசியில் ஐஸ்கிரீம் வண்டிக்காரிதான், அந்தப் பிள்ளை இருக்கிற ஆஸ்பத்திரியில் பாருங்களேன் என்றாள்.

அங்கேதான் இருந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு முன்னால் பார்வையாளர் வரிசையில், கடைசி ஆளாக. ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடுகிறார்கள். நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன், உதறவில்லை, ஆனால் நகரவும் இல்லை. யாராவது பின்னால் வந்து நின்றால் விலகி, நீங்கள் முன்னால் போங்கள் என்று கையைக் காட்டுகிறாள். அப்படியே எல்லோரையும் அனுப்பிவிட்டு மறுபடியும் கடைசியில் நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று வாசல் காவலாளியைக் கேட்டேன், காலைப் பார்வை நேரத்துலேர்ந்து நிக்குதும்மா, வரிசை நகருது, இந்தப் பொண்ணு மட்டும் நகரல என்றார். நானும் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கையில் மருந்துப் பையோடு ஒரு பெண் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றாள். வீடியோவில் அலறிய அதே தாய். அடித்தால் என் மேல் அடி விழட்டும் என்று குறுக்கே போய் நின்றேன். உன் தங்கை விலகி அவளுக்கு வழி விட்டாள். அந்தத் தாய் இவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, பரவாயில்லம்மா, நீதானே முன்னாடி வந்த, நீ போ என்றாள். அடையாளமே தெரியவில்லை அவளுக்கு. சிரிக்காத இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லையே. இவள் கையெடுத்துக் கும்பிட்டாள், அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு முன்னால் போய்விட்டாள். பார்வை நேரம் முடிந்து கதவைச் சாத்தினார்கள். இவ்வளவு தூரம் வந்து நிற்கிறாயே, உள்ளே போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள். உள்ள போனா அந்தப் புள்ளயப் பாத்துச் சிரிச்சிருவேனோன்னு பயமா இருக்கும்மா என்றாள்.

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். நாளைக்கும் போவேன் என்கிறாள், நானும் கூடப் போவேன். நீயும் மருமகளும் குட்டியும் எந்தக் குறையும் இல்லாமல், யார் முன்னாலும் தலை குனியாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், பெற்றவள் வாயால் இதைத்தான் சொல்ல முடியும், கோபத்திலும் இதைத்தான் சொல்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. சாயங்காலப் பார்வை நேரம் எங்களுக்கு நாலு மணி, உனக்கு அப்போது என்ன மணியோ பார்த்துக்கொள், மீட்டிங் இருந்தால் எழுந்து வெளியே வந்துவிடு. அவள் போனை அணைத்து வைத்திருக்கிறாள், என் நம்பருக்குக் கூப்பிடு, வரிசையில் நிற்கும்போது நான் அவள் காதில் வைக்கிறேன். அவள் பதில் பேச மாட்டாள். அதற்காக நீ வைத்துவிடாதே.

உன் அம்மா