பரவையில் உங்கள் வீடு

மாமா,

இன்று காலை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, வாசம் போகட்டும் என்று சன்னலைத் திறந்து வைத்தேன். வாசம் போகவில்லை. அதற்குள்ளிருந்து, தெப்பக்குளத்துப் பக்கம் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டு வீடு மெல்ல எழுந்து வந்தது. சாய்ந்த வெயில், கொடியில் காயும் உங்கள் வேட்டி, சுவரோரம் நாற்காலியில் நீங்கள். எல்லாம் தண்ணீருக்கடியில் தெரிவதுபோல் லேசாக அசைந்துகொண்டிருந்தன.

எண்பதுகளின் தொடக்கம் அது. அத்தை போன பிறகு, வாதத்தில் இழுத்துக்கொண்ட காலோடு உங்களைப் பேரையூரிலிருந்து அழைத்து வந்தோம். பாண்டியம்மா உங்களுக்கு ஒரே பிள்ளை. வேறு யோசனைக்கு இடமே இல்லை என்றுதான் அவளும் நானும் நினைத்தோம்.

ஆனால் நான் உங்களுக்கு மாப்பிள்ளை. நான் உள்ளே வந்தால் நீங்கள் எழுந்து நிற்பீர்கள். அலுவலகத்திலிருந்து வந்தாலும் சரி, குழாயடிக்குப் போய்த் திரும்பினாலும் சரி, சுவரைப் பிடித்தாவது எழுவீர்கள். நான் சாப்பிட்டுக் கை கழுவும்வரை உங்கள் தட்டைத் தொடமாட்டீர்கள்.

“ஏன்ப்பா எந்திரிக்கிறீக? இவரு என்ன கலெக்டரா?” என்பாள் பாண்டியம்மா.

“ஏத்தா, கலெக்டருக்கா நான் பொண்ணு குடுத்திருக்கேன்?”

நானும் கேட்டுப் பார்த்தேன். “சரிங்க மாப்ள” என்பீர்கள்; மறுநாளும் எழுவீர்கள். சைக்கிள் சத்தம் கேட்கக் கூடாதென்று அதைத் தெருமுனையிலேயே நிறுத்தினேன். செருப்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். பிறகு செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு, என் வீட்டுக்குள் நானே திருடனைப்போல் நுழைந்தேன். அப்படி ஓசையில்லாமல் வந்த ஒரு சாயங்காலம்தான் திடீரென்று என்னைக் கண்டு பதறி எழுந்தீர்கள். கைத்தடி வழுக்கியது. நிலைப்படியில் நெற்றி மோத விழுந்தீர்கள்.

காயத்துக்குக் கட்டு மாற்ற வந்த கம்பவுண்டர், பரவையைத் தாண்டிக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

“மாப்ள, என்னய அங்க கொண்டுபோயி விட்ருங்க.”

“நான் ஒருத்தி இருக்கையில அநாத மாதிரி அங்க போவீகளா? ஊர்ல என்ன பேசுவாக?” என்று பாண்டியம்மா அழுதாள்.

“ஒன் வீட்டுல நான் விருந்தாளி ஆத்தா. எம்புட்டு நாளைக்குத்தான் விருந்தாளியாவே இருக்கிறது?”

நான் தனியாகப் போய் அந்த இல்லத்தைப் பார்த்தேன். கட்டில், கழிப்பறை, குடிதண்ணீர், டாக்டர் வரும் நேரம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனால் பயம் கூடியது. எங்கள் வீட்டில் மகள் கை பட்ட சோறு. அங்கே முன்பின் அறியாதவர் கை. அங்கே விழுந்தால் யார் தூக்குவார்கள்? இங்கே மறுபடி விழுந்தால், தூக்குவதற்கு என்ன மிஞ்சும்? பல நாள் இப்படியே கழிந்தது. கடைசியில், பிரிக்காத நெற்றிக்கட்டோடு நீங்கள் மறுபடியும் எனக்காக எழுந்ததைப் பார்த்த அன்று, “சரி மாமா” என்றேன். பாண்டியம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். உங்களை வழியனுப்பக்கூட வரவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கித் தனியாக நடந்தேன். வெயிலில் பாதை மினுங்கியது. நான் நடப்பதாகவே தோன்றவில்லை. இல்லத்து வாசலில் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நீங்கள் நின்றீர்கள். உங்கள் தோளைத் தாங்கி இன்னொரு பெரியவர். டவுனில் தையல்கடை வைத்திருந்தவர். பாய் என்று எல்லாரும் கூப்பிட்டார்கள்.

“வாங்க மாப்ள, வாங்க” என்றீர்கள். வேப்பமரத்தடியில் துண்டால் துடைத்து வைத்த நாற்காலி.

“காலையிலருந்து அந்தச் சேர்ல ஒரு காக்காவக்கூட உக்கார விடல ஒங்க மாமனாரு” என்றார் பாய்.

என்னை உட்கார வைத்து, டீ சொல்லி, நான் குடிப்பதைப் பார்த்தபடி எதிரே உட்கார்ந்தீர்கள். உங்கள் முகத்தில் எங்கள் வீட்டில் நான் பார்த்தேயிராத ஒரு நிமிர்வு. “எந்திரிக்கிறத இங்கயும் விடலையே மாமா” என்றேன். “அங்க நாளைக்குப் பத்துத் தடவ. இங்க வாரத்துக்கு ஒருக்கா. லாபந்தான மாப்ள” என்று சிரித்தீர்கள்.

சில வாரம் கழித்துப் பாண்டியம்மாவும் வந்தாள். உங்களோடும் பேசாமல் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது, இல்லத்து மதரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த முருங்கைக்காய்க் கட்டை அவள் மடியில் வைத்தீர்கள். “வெறுங்கையோட எப்படி ஆத்தா அனுப்புறது?” பஸ்ஸில் வழிநெடுக அதை மடியைவிட்டு இறக்கவில்லை அவள். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று காம்பவுண்டில் யாரோ கேட்டார்கள். “எங்கப்பா வீட்டுக்கு” என்றாள். அத்தை போன பிறகு அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

ஒரு கோடையில், மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். காரியமெல்லாம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, என் கால்கள் பழக்கத்தில் பரவை பஸ்ஸில் ஏறிவிட்டன. பாதி வழியில்தான் உறைத்தது. இறங்கித் திரும்பியிருக்கலாம், அதற்கும் துணிவு வேண்டும். கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி பாய் தனியாக நின்றிருந்தார்.

“வாங்க மாப்ள. டீ சொல்லவா?”

அதன்பிறகு பாயும் போனார். அவருக்குப் பின் வந்தவர்களும் என்னை மாப்ள என்றே கூப்பிடுகிறார்கள். யார் வீட்டு மாப்பிள்ளை என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. இப்போதும் மாதம் ஒருமுறை போகிறேன். என்னைக் கண்டதும் யாராவது ஒருவர் கட்டிலையோ சுவரையோ பிடித்து எழுகிறார். வேண்டாம் என்று நான் தடுப்பதில்லை. அவர் முழுதாக எழுந்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்கிறேன். பிறகுதான் உள்ளே போகிறேன்.