முகம் தெரியாத இருபது விநாடி

அக்டோபர் 9, வியாழன்

கிழவன் இன்னும் பனியில் சறுக்கிக்கொண்டுதான் போகிறான். நடக்கவில்லை. ஒரு கிழவன் பனிக்காட்டைக் கடந்து வீடு திரும்புவதுதான் நாங்கள் செய்யும் வீடியோ கேம். அவனுக்கு நடக்கத் தெரியாவிட்டால் மீதி என்ன இருக்கிறது?

நாங்கள் மூன்றே பேர். வெளியாள் வைக்க வழியில்லை. அதனால் ஆளுக்கொரு புது வேலை கற்றுக்கொள்வதென்று எல்வீரா பிரித்துக் கொடுத்தாள். புரோகிராம் எழுதும் ஹம்புஸுக்கு ஒலி. கதை எழுதும் அவளுக்கு விளம்பரம். படம் வரையும் எனக்கு அனிமேஷன். “நீதான் வாயத் தெறக்காம எல்லாரையும் பாத்துட்டே இருப்பியே, உனக்கு இது சுலபம்” என்றாள். கல்லூரியில் முதல் நாளிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். நான் பேசாத இடத்திலெல்லாம் எனக்காகப் பேசியவள்.

அக்டோபர் 18, சனி

சொந்த ஊர் தோரெபூடாவில், அப்பா வீட்டில். அப்பா குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்துப் போனார். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை செய்யும் மர மில்லில் விழுந்து இடுப்பு உடைந்த பிறகு வந்த நடை. தோள் முதலில் போகிறது, கால் பின்னால் வருகிறது. இடது காலை ஊன்றும் முன் ஒரு கணம் நிற்கிறார், தரையிடம் உத்தரவு கேட்பது போல. இத்தனை வருடம் பார்த்தும் பார்க்காமலேயே இருந்திருக்கிறேன்.

வீடியோ எடுக்கட்டுமா என்று கேட்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

“ஊருல ஒழுங்கா நடக்குறவன் ஒருத்தனும் கிடைக்கலயா உனக்கு?”

“ஒழுங்கா நடந்தா கிழவன் மாதிரி இல்லப்பா.”

சிரித்தார். பிறகு சிரிக்காமல், “நீ மட்டும்தான் பாக்கணும், புள்ள. இந்தக் கால நானே கண்ணாடியில பாக்குறதில்ல” என்றார்.

சத்தியம் செய்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ஊன்றல், தாழ்தல், கடப்பு, எழும்பல். ஒரு அடிக்கு நான்கு நிலைதான் என்கிறது அனிமேஷன் பாடம். அப்பாவிடம் ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அந்தத் தயக்கம். அதுதான் பிடிபடவில்லை.

நவம்பர் 27, வியாழன்

கிழவன் நடந்தான்.

ஹம்புஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “இந்த ஆள எனக்குத் தெரியும் போல இருக்கே” என்றான். எல்வீரா என்னைக் கட்டிக்கொண்டாள். யாரைப் பார்த்து வரைந்தாய் என்று கேட்டாள். வீடியோ எங்கள் பொது ஃபோல்டரில்தான் இருந்தது. எல்லாவற்றையும் அதில் போடுவதுதான் வழக்கம். இவர்கள் இருவரும் வெளியாட்களா என்ன? காட்டினேன். சத்தியத்தையும் சொன்னேன்.

“உங்கப்பா எனக்கும் அப்பா மாதிரிதான்டி. இந்த ரூமத் தாண்டாது” என்றாள்.

டிசம்பர் 15, திங்கள்

ஹம்புஸ் கதவுக் கீல், கட்டில், துருப்பிடித்த சைக்கிள் என்று கண்டதையெல்லாம் பதிவு செய்கிறான். அறை முழுக்கக் கிறீச். எல்வீரா விளம்பர வகுப்பிலிருந்து உற்சாகமாக வந்தாள். செய்து முடித்ததைக் காட்டாதே, செய்கிற விதத்தைக் காட்டு என்கிறார்களாம்.

பிப்ரவரி 5, வியாழன்

எல்வீரா இணையத்தில் ஒரு வீடியோ போட்டிருக்கிறாள். இருபது விநாடி. இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் கிழவன். இருவரும் சேர்ந்தே அடி வைக்கிறார்கள். அப்பாவைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறாள். ஒவ்வொரு இடது அடிக்கும் ஹம்புஸின் கீல் சத்தம். கிறீச். கிறீச்.

லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ‘யாராவது எண்ணெய் விடுங்கப்பா’ என்று ஒருவன் எழுதியிருக்கிறான். அதற்குத்தான் அதிகச் சிரிப்பு.

நாங்க மூணு பேரும் கத்துக்கிட்டது மொத்தமும் அதுல இருக்கு. நல்லாவும் வந்திருக்கு. அதுதான்... அதத்தான் தாங்க முடியல.

பிப்ரவரி 6, வெள்ளி

கேட்டேன். எல்வீராவிடம்தான்.

“முகம் தெரியலையே, யோன்னா. யோசிக்காமப் போடுவேனா நான்?”

“சொல்லியிருந்தேனே.”

“சொன்ன. அதனாலதான் முகத்த வெட்டுனேன். உங்கிட்டக் கேட்டா வேணாம்னுருப்ப. நீ எதுக்குத்தான் சரின்னுருக்க?”

அப்படியென்றால் என் பதில் என்னவென்று தெரிந்துதான் கேட்காமல் இருந்திருக்கிறாள். எத்தனை வருடம் எனக்காகப் பேசினாள். இதுவும் அப்படித்தானா?

ஹம்புஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் சத்தம் மட்டுந்தான் போட்டேன்” என்றான்.

முகம் யாருக்கு வேணும்? மாசக்கணக்கா நான் பிடிக்கத் திணறினது முகத்தையா? அந்த நடைதான் அப்பா. இவங்களுக்கும் தெரியும். தெரிஞ்ச ஆள் போல இருக்குன்னு சொன்னது இவங்கதான?

மாலையில் எல்வீரா வீடியோவை நீக்கிவிட்டாள். அதற்குள் யார் யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி 7, சனி

அப்பாவிடம் நானே சொல்லிவிட வேண்டும். நாளை.

பிப்ரவரி 10, செவ்வாய்

சொல்லவில்லை. அவரே கூப்பிட்டார். மில்லில் காபி நேரத்தில் யாரோ போனை நீட்டியிருக்கிறார்கள்.

“எங்க வீட்ல மொதல்ல காலேஜ் படிச்சவ, கேம் செய்யறான்னு எல்லாருட்டயும் சொல்லி வச்சிருந்தேன்ல. அதான் காட்டுனாங்க. தலையே இல்ல, ஆனா எல்லாரும் ஒரே குரலா ‘இது நம்ம கென்ட்’டுன்னுட்டாங்க. இப்ப நான் உள்ள வந்தாலே கிறீச்சுன்னு கத்துறானுங்க. விடு, விளையாட்டுக்குத்தான்.”

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் குறுக்கே, “கிழவன் நல்லா வந்திருக்கான், புள்ள” என்றார்.

திட்டியிருக்கலாம்.

மார்ச் 8, ஞாயிறு

அப்பா வீட்டில். நான் வந்ததிலிருந்து அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. காபி எடுத்துவரச் சொன்னார். செய்தித்தாள் எடுத்துவரச் சொன்னார். நான் குளியலறைக்குள் இருந்தபோது பலகைத் தரை முனகியது. வெளியே வந்தால் சோபாவில் உட்கார்ந்திருந்தார், காலையிலிருந்தே அங்கே இருந்தவர் போல.

மார்ச் 9, திங்கள்

விலகுகிறேன் என்று எல்வீராவிடம் சொன்னேன். அந்த நடையை கேமிலிருந்து எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன்.

“அது எல்லாரும் சேந்து செஞ்சது. ஆரம்பத்துல அப்படித்தான பேசிக்கிட்டோம்? நீயுந்தான தலையாட்டுன?”

சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுதால் எனக்கும் வந்துவிடும். இன்று வரவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

கேமை ஒரு வெளியீட்டாளர் எடுத்துக்கொண்டாராம். ஹம்புஸ் செய்தி அனுப்பினான். சிரிப்பு முகத்தோடு ஒன்று. அதை அழித்துவிட்டு, சிரிப்பு முகம் இல்லாமல் இன்னொன்று.

மே 16, சனி

கால்வாய்ப் பக்கம் போகலாமா என்று அப்பா கேட்டார். குளிர்காலத்துக்குப் பிறகு அவராகக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஓடிப்போய் ஷூ மாட்டினேன். அவர் நாற்காலியிலேயே இருந்தார்.

“நீ முன்னால போ. நான் பின்னாலயே வரேன்.”

சரி என்றேன்.

சரளைப் பாதை. முன்னால் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் ஊன்றல், தாழ்தல். பிறகு அந்தத் தயக்கம். அதற்குச் சத்தம் கிடையாது. மற்ற சத்தமெல்லாம் நின்றுபோகும், அவ்வளவுதான். பாலம் தாண்டியதும் சரளை ஒருமுறை நீளமாக இழுபட்டது. வழுக்கியிருப்பார். என் கழுத்து தானாகத் திரும்பப் போனது, நிறுத்திக்கொண்டேன்.

“ஏதாச்சும் பேசிட்டே போயேன்” என்றார் அப்பா.

“மழை வருமாப்பா?” என்றேன், தண்ணீரைப் பார்த்தபடி.

“வராது” என்றார். குரல் அதே தூரத்தில்தான் இருந்தது.