முருகன் எழுதித் தருவான்

செவ்வாய்க்கிழமை, இரவு

நான் வாங்காத கடனை நான் ஏன் கட்டணும் என்று இன்றும் வங்கியில் கேட்டேன். என் ஆதாரையும் என் போனுக்கு வந்த ஓடிபியையும் வைத்துத் தம்பி முருகன் எடுத்த கடன் அது. மேனேஜர் பழைய பாட்டையே பாடினார். "ஓடிபி உங்க போனுக்குத்தானே வந்தது சேச்சி? அப்ப பொறுப்பு உங்களுக்குத்தான். இல்லேன்னா, எடுத்தது யாருன்னு பேரு வச்சு போலீஸ்ல பராதி குடுங்க."

சாலைக்கடைத் தெரு வழியே நடந்தே வந்தேன். ஆட்டோவுக்குக் கை காட்டக்கூட அலுப்பாக இருந்தது.

பராதியை, அதான் புகாரை, மலையாளத்தில் எழுதணுமாம். எனக்குத் தமிழ்தான் எழுத வரும். ரேஷன் கார்டிலிருந்து கரண்ட் ஆபீஸ் வரை இந்த வீட்டுக்கு எழுதிக் கொடுப்பது முருகன்தான். அதற்காகத்தான் ஆதாரும் போனும் அவன் கையில் இருந்தன.

இப்போது ஒன்றுமே நடக்காதது போல அவனே கூப்பிட்டான். "அக்கா, பேங்குக்கு ஏதும் எழுதணும்னா சொல்லு. வந்து எழுதித் தாரேன்."

நாளைக்கு வா, போலீசுக்கு ஒரு பராதி எழுதணும் என்றேன்.