கல்லில் வெட்ட வேண்டிய கையெழுத்து

திருத்தணி,
ஜூலை 4.

அன்புள்ள மகன் பென்சனுக்கு,

அம்மா தபிதாள் எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இன்னும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ நலமா என்று இப்போது கேட்கப்போவதில்லை. கடைசியில் கேட்கிறேன், அதுவரை பொறுத்துக்கொள்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று நினைப்பாய். போனில் சங்கடமான பேச்சு வந்தால் உனக்கு உடனே டூட்டி வந்துவிடும், இல்லாவிட்டால் சிக்னல் போய்விடும். கடிதத்துக்கு அந்த வியாதி கிடையாது. நீ மடித்து வைத்தாலும் எழுதியது எழுதியபடி இருக்கும்.

உன்னைப் பெற்ற நைனாவின் முதல் வருஷ நினைவுக் கூட்டத்துக்கு நீ எழுதிக்கொடுத்த அழைப்பிதழை உன் மாமனார் அச்சடிக்கும் முன் என்னிடம் காட்டினார். பூப்போட்ட ஓரம், நடுவில் அவர் படம். கீழே, "சமாதானத்தோடே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று இருந்தது. கல்லறைக் கல்லிலும் இதே வாசகத்தை வெட்டச் சொல் என்று நீ செய்தி அனுப்பியிருந்தாய். நித்திரையாம். கணையத்தில் வந்த புற்று முதுகெலும்புக்கு ஏறி, பதினொரு நாள் கண்ணை மூட முடியாமல் கிடந்து செத்த மனுஷனுக்கு நித்திரை. பக்கத்தில் நின்று பார்த்த டாக்டர் நீ. நீயே எழுதுகிறாய்.

அழைப்பிதழை அச்சடிக்க வேண்டாம் என்று உன் மாமனாரிடம் சொல்லிவிட்டேன். கல்லுக்கு வேறு வாசகம் கொடுத்துவிட்டேன். அது என்ன வாசகம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன்னால் வீட்டு விஷயம். கிணற்று மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக் கௌரியம்மாளின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பேத்தி ஹெப்சிக்கு அயர்லாந்துக் குளிரில் இருமல் என்று மருமகள் பிரிஸில்லா சொன்னாள், மிளகும் துளசியும் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொல். நீயும் உன் குழந்தைக்கு வலித்தால் சும்மா இருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பதினொரு நாளை உனக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துகிறேன். ஆடிக் கிருத்திகை வாரம். தெரு முழுக்கக் காவடியும் மேளமும் அரோகராவும். உன் நைனா கத்துவது வெளியே கேட்காது என்று நான் அந்தக் கூட்டத்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். வேதக்கார வீட்டில் முருகன் கூட்டத்துக்கு நன்றி சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கிருத்திகை முடிந்து மறுநாள் தெரு அடங்கிவிட்டது. அப்போது எல்லார் காதிலும் விழுந்தது. கௌரியம்மாள் கேட்டுக்கு வெளியே நின்று, "இன்னாக்கா, புள்ள டாக்டர்தான? ஏதாவது குடுத்து அமத்தக் கூடாதா?" என்று கேட்டாள். ஹெப்சி பயப்படக் கூடாது என்று அவர் துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டிருந்தார். அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், பல் பட்ட இடம் போகவில்லை.

பொதட்டூர்பேட்டைத் தெருவில் நடந்துபோகும்போதே எந்த வீட்டு விசைத்தறியில் எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று காதாலேயே சொல்கிற மனுஷர் அவர். ஏழாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தம் போடற தறிய யார்னா ஓட்டிகினே இருப்பாங்களா தபிதா? நிறுத்தச் சொல்லு உன் புள்ளைய" என்றார். நான் உன்னிடம் வந்து சொன்னேன். நீ போட்ட ஊசி ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, மார்ஃபின் என்று ஏதோ இருக்கிறதாமே, அதைக் கொடு என்று உன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

நீ சொன்னதை ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. "அது போதை மருந்தும்மா. சட்டம் எடம் குடுக்காது. எழுதினா கேஸ் ஆயிடும், பெயில்கூட கெடைக்காது" என்றாய். அப்புறம், "பழக்கமாயிடும்" என்றும் சொன்னாய். இன்னும் நாலு நாள் உயிரோடு இருக்கப்போகிற மனுஷனுக்குப் பழக்கமாகிவிடும் என்று கவலைப்பட்டாய். நான் நம்பினேன். சட்டம் படித்தவளா நான்? படித்த பிள்ளை சொன்னால் நம்பிவிடுகிற ஜாதி.

போன பிப்ரவரியில் நீ போன் பண்ணினாயே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே ஆஸ்பத்திரியில் உனக்கு நல்ல பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். "இங்கல்லாம் பேஷன்ட் வலிக்குதுன்னு வாயத் தெறக்கறதுக்குள்ள மார்ஃபின் எழுதிடுவோம்மா" என்றாய் பெருமையாக. நான் போனை வைத்துவிட்டு அரிசி களையப் போனேன். தண்ணீரை எத்தனை தடவை மாற்றினேன் என்று தெரியவில்லை, அரிசி நொறுங்கிவிட்டது. அயர்லாந்தில் மருந்து, திருத்தணியில் போதையா என்று அன்றைக்கு ஆரம்பித்த கேள்வி. மறுநாளே பஸ் ஏறிக் கனகம்மாசத்திரம் போனேன்.

அங்கே புற்றுநோய்க்காரர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற சின்ன மையம் ஒன்று இருக்கிறது. அனுராதா என்று ஒரு நர்ஸ் அங்கே வேலை செய்கிறாள். அவளை எனக்கு எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். அவளிடம் சட்டத்தைக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, பாவம். சட்டத்தை மாற்றிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றாள். வலி மருத்துவத்தில் பயிற்சி எடுத்த டாக்டர் ஒருவர் இருக்க வேண்டும், மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும், யாருக்கு எத்தனை மாத்திரை என்று பதிவேடு எழுத வேண்டும், ஆஸ்பத்திரி மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அங்கீகாரம் வாங்க வேண்டும். அவ்வளவுதான். அப்படி அங்கீகாரம் வாங்கிய இடத்தில் முறைப்படி எழுதுகிற டாக்டரைப் போலீஸ் பிடிக்காது என்றாள். அங்கீகாரம் இல்லாத ஆஸ்பத்திரி என்றால், இருக்கிற இடத்துக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினாலே போதுமாம். இத்தனைக்கும் அந்த இடம் நம் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்.

ஒருவேளை உனக்கு அந்தப் பயிற்சி இல்லையோ என்னவோ என்று அப்போதும் உனக்காக வாதாடினேன். பெற்ற வயிறு இல்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுராதாவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தவள் உன் நைனாவின் கட்டில் இருந்த இடத்துக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நீ வேலூருக்குப் போய்த் தங்கிப் படித்து வாங்கி வந்தாயே ஒரு சான்றிதழ், அதை உன் நைனா கண்ணாடி போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்துக் கோணாமல் மாட்டினாரே, அதைத்தான் பார்த்தாள். இங்கிலீஷில் இருப்பதால் நாங்கள் இரண்டு பேரும் அதை ஒருநாளும் படித்ததில்லை, துடைப்பதோடு சரி. அவள் படித்துச் சொன்னாள். வலி மருத்துவப் பயிற்சி. சட்டம் கேட்கிற அதே பயிற்சி.

அந்தக் கண்ணாடிக்குக் கீழேதான் அவர் பதினொரு நாள் கத்தினார்.

அவரை அடக்கம் செய்த மூன்றாம் நாள் உனக்கு ஒரு கூரியர் வந்தது. வாங்கியவள் நான். மெடிக்கல் கவுன்சில் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ், உன் பேரில் புகார் இல்லை, விசாரணை இல்லை என்று. பிரிஸில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இதுக்குத்தான் அத்தை ரெண்டு மாசமா காத்துகினு இருந்தோம்" என்றாள். அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை. அனுராதா போன பிறகு உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது. மார்ஃபின் என்ற பேச்சே உன் பேரோடு ஒட்டக் கூடாது என்று நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். அயர்லாந்து வேலைக்கு விமானம் ஏறுகிறவரை உன் காகிதம் வெள்ளையாக இருக்க வேண்டும். அதற்குச் சட்டத்தின் மேல் பழியைப் போட்டாய். சட்டம் வாய் திறந்து மறுத்துப் பேசாதே, அதனால்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். என் பித்து தெளிந்துவிட்டது மகனே. இப்போது என்னிடம் இருப்பதும் கல்தான். மலைக்குப் போகிற வழியில் மணவாளன் பட்டறையில் படுத்திருக்கிறது. அதில் வெட்டச் சொல்லிக் கொடுத்த வாசகம் இது:

"விசைத்தறி மெக்கானிக் சைமன். பதினொரு நாள் வலியில் கிடந்து இறந்தார். மருந்து இருந்தது. சட்டம் தடுக்கவில்லை. நாங்கள் கொடுக்கவில்லை."

மணவாளன் எத்தனையோ கல்லறைக்குக் கல் வெட்டியவர். தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "யம்மா, இது கல்லும்மா. வெட்டிட்டா அழிக்க முடியாது, தெரியுமில்ல?" என்று கேட்டார். அதனால்தான் கல்லில் கேட்கிறேன் என்றேன். சபைப் போதகர் ஐயர் வீட்டுக்கே வந்து, கல்லறைத் தோட்டத்துக்கு இது அடுக்காது, குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது என்றார். ஞாயிறுதோறும் எங்களை உண்மை பேசச் சொல்கிறீர்களே, கல் மட்டும் பொய் பேசலாமா ஐயா என்று கேட்டேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். இன்னும் மறுப்புச் சொல்லவில்லை.

ஈஸ்டர் விடியலில் சபை முழுக்க மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்கு வரும். உன் மாமனார் வருவார், உன்னோடு படித்தவர்கள் வருவார்கள், நீ ஊசி போட்ட ஜனங்கள் வருவார்கள். எல்லாரும் படிக்கட்டும். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். "நாங்கள்" என்று ஏன் போட்டாள், நான் ஒருவன்தானே டாக்டர் என்று நீ கேட்பாய்.

அவர் படுத்த இரண்டாம் நாள் காலையில் அந்த அனுராதா நம் வீட்டு கேட்டுக்கு வந்தாள். யாரோ சொல்லித் தேடி வந்திருக்கிறாள். "எங்க டாக்டரம்மா இன்னிக்கே வந்து பாப்பாங்க. வலிக்கு மாத்திரை இருக்குது. நீங்க ஆங்னு சொன்னா போதும்மா" என்றாள். நான் கேட்டைத் திறக்கவில்லை. "எங்க வீட்லயே டாக்டர் இருக்காரு. தர்ம ஆஸ்பத்திரி மருந்து எங்களுக்கு எதுக்கு?" என்றேன். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கேட்டில் மாட்டியிருந்த உன் டாக்டர் போர்டைப் பார்த்துக்கொண்டே அவள் திரும்பிப் போனாள். சபையில் நான்தானே டாக்டருடைய அம்மா. அந்தக் கர்வத்தில் என் புருஷனுடைய மருந்தைக் கேட்டோடு திருப்பி அனுப்பினேன்.

நீ அன்றைக்கு, எனக்குப் பயமாக இருக்கிறதம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஓடிப்போய் அவளைக் கூட்டி வந்திருப்பேன். சட்டம் தடுக்கிறது என்றாயே, டாக்டராலேயே முடியாததை ஒரு நர்ஸ் எப்படிச் செய்வாள் என்று சும்மா உட்கார்ந்துவிட்டேன். உன் பொய்யும் என் கர்வமும் சேர்ந்து அவர் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றன. உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் எத்தனை பங்கு என்னுடையது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பிரிக்கவும் போவதில்லை.

கல்லின் அடியில் "இங்ஙனம்" என்று போட்டு மனைவி, மக்கள் பேர் வெட்டுவது நம் வழக்கம். என் பேரை முதலில் வெட்டச் சொல்லிவிட்டேன். நேற்று போய்ப் பார்த்தேன், முடிந்துவிட்டது. தபிதாள் என்று ஆழமாக வெட்டியிருக்கிறார், விரல் வைத்தால் இறங்குகிறது. அடுத்து மகன் பேரையும் வெட்டட்டுமா என்று மணவாளன் கேட்டார். வேண்டாம், என் மகன் அவன் கையாலேயே போடுவான் என்று சொல்லி வந்திருக்கிறேன்.

ஒரு வெள்ளைத் தாளில் உன் கையெழுத்தைப் போட்டு அனுப்பு. மருந்துச் சீட்டின் அடியில் போடுவாயே, அதே கையெழுத்து. அதை அப்படியே பார்த்து வெட்டிவிடுவதாக மணவாளன் சொல்கிறார். ஆடிக்குள் வந்தால் நல்லது. வராவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் கல்லை நட்டுவிடுவேன், படிக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அந்த ஒரு கையெழுத்துக்கு உன் நைனா பதினொரு நாள் காத்திருந்தார். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆயுசு இருக்கும், காத்திருக்கிறேன்.

நீ நலமா? வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. உனக்கும் ஒருநாள் வயதாகும், படுப்பாய். அன்றைக்கு உன் கட்டில் பக்கத்தில் நிற்கிற உன் பிள்ளை உன்னைப்போல இல்லாதிருக்கவும், உனக்கு வலிக்கிறது என்று சொன்ன மாத்திரத்தில் அதன் கை எழுதவும் கர்த்தர் கிருபை செய்வாராக. தினமும் முழங்கால் போட்டு இதைத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தபிதாள் சைமன்