கேட்கவில்லை என்ற வரி

2009 மார்கழி 14, திங்கள் இரவு

சட்ட உதவியாளர் பட்டப் படிப்புக்காக நான் பயிற்சி பெறும் சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு இன்று பெரியகல்லாற்றிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். சுனாமியில் போன மகனின் உடல் கிடைக்கவில்லை. அவன் பெயரிலுள்ள வளவுக் காணியை மகளுக்கு எழுத மரணச் சான்றிதழ் வேண்டும். ஐந்து வருடமாக மறுத்தவர் இப்போதுதான் சம்மதித்திருக்கிறார்.

அதற்கான சத்தியக் கடதாசியை எழுதி வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து மகனைக் காணவுமில்லை, அவனிடமிருந்து ஒரு சொல் கேட்கவுமில்லை என்ற வரியில் என் கையைப் பிடித்தார்.

“காணல்ல எண்டு எழுதுங்க புள்ள. கேக்கல்ல எண்டு எழுதாதீங்க. ராவையில ஆத்துப் பக்கமா நிண்டு கூப்பிடுறான்.”

மகள் தலை குனிந்திருந்தாள். நான்தான், “அது காத்தும்மா” என்றேன்.

அம்மா என் கையை விட்டார். “நீங்க படிச்ச புள்ள. சரி, எழுதுங்க.”

மறந்துபோன குடையை எடுக்க மகள் மட்டும் திரும்பி வந்தாள்.

“அக்கா, எனக்கும் கேக்குது. அண்ணன் இப்ப என்ட பேரச் சொல்லித்தான் கூப்பிடுறார். அம்மாட்டச் சொல்லிராதீங்க.”

நாளை காலை சமாதான நீதவான் முன்னால் அந்த அம்மா சத்தியம் செய்ய வேண்டும். அதற்கு முன் கடதாசியை அவருக்கு மறுபடி வாசித்துக் காட்ட வேண்டியவள் நான். மகளும் பக்கத்தில் இருப்பாள். அந்த வரியில் நான் நிற்காமல் வாசிக்க வேண்டும்.