தரை அதிர்ந்தபோது

அன்புள்ள இத்தோவுக்கு,

உனக்கும் நம் மகன் பாஸுவுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் நலம். போன வாரம் இங்கே காசாபிளாங்காவில் ஒரு சிறு கூத்து. லாரி ஒன்று போனதில் நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் தளம் அதிர்ந்தது. நிலநடுக்கத்தில் நாம் பறிகொடுத்த நம் பிள்ளை இஸ்ஸாவின் பேரைக் கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடிவிட்டேன்.

"இவனுக்கு ஜின் புடிச்சிருச்சுடா!" என்று கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி ஹம்மு மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

"ஜின்னும் இல்ல, பைத்தியமும் இல்லண்ணே," என்றார் டாக்டரம்மா. "நிலநடுக்கம் முடிஞ்சிருச்சுன்னு உங்க உடம்பு இன்னும் நம்பல. வைத்தியம் பண்ணா சரியாகும்."

நம் கம்பளிப் போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம், வீட்டு வாசம் போய்விடும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. வீட்டுக்குள் படுக்க மாட்டேன் என்று பாஸு அழுதால் இனி அடிக்காதே. அவன் அடம்பிடிக்கவில்லை இத்தோ, என்னைப் போலத்தான் பயப்படுகிறான். முற்றத்தில் அவனோடு நீயும் படுத்துக்கொள்.

உன் மோஹா